கட்டிங்க தண்ணில வச்சா வேர் எப்படி வருது, ஏன் சிலது அழுகிடுது

ஒரு செடில இருந்து கிளைய வெட்டி தண்ணி ஊத்துன பாட்டில்ல வச்சா வேர் வரும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நிறைய பேருக்கு வேர் வர்றதுக்கு முன்னாடியே தண்டு கொழகொழன்னு ஆகி, நாத்தம் அடிச்சு, தூக்கிப் போட வேண்டியதா போயிடுது, அப்புறம் நமக்கு கைராசி இல்லன்னு சொல்லி விட்டுடுறாங்க. கைராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவ புரிஞ்சுட்டா எந்த செடிய வைக்கலாம், எங்க வெட்டணும், எத்தன நாள் பொறுக்கணும், எப்ப மண்ணுக்கு மாத்தணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம், யாரையும் கேக்க வேண்டியதில்ல.

வெட்டுன நிமிஷத்துல இருந்து அந்த தண்டுல ரெண்டு வேல ஒரே நேரத்துல ஓட ஆரம்பிச்சிடுது. வெட்டுன காயம் வழியா பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ள ஏறப் பாக்குது, அதே நேரத்துல செடி தன்கிட்ட இருக்குற சேமிப்ப வச்சு புது வேர் கட்டப் பாக்குது. எது முந்துதோ அதுதான் முடிவு. நாம பண்ற ஒவ்வொரு சின்ன வேலையும், பிளேட துடைக்கிறது, கீழ் இலைய கிள்ளுறது, தண்ணி மாத்துறது எல்லாமே, அழுகல தள்ளிப் போட்டு வேருக்கு டைம் வாங்கிக் குடுக்குறதுக்குத்தான். இத மனசுல வச்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் தானா விளங்கிடும்.

சரி, வேர் எங்க இருந்து வருது? விதை முளைச்சா கீழ வேர் மேல தண்டுன்னுதான் படிச்சிருப்போம், ஆனா வேர் தண்டுல இருந்தும் வரும், சில செடில இலைல இருந்தே வரும், பாடப்புத்தகத்துல இத வேற்றிட வேர்னு சொல்லுவாங்க. இது தண்டு முழுக்க எங்க வேணா வர்றதில்ல, பெரும்பாலும் கணுவுலயும் கணுவ ஒட்டியும்தான் வரும். கணுன்னா இலை தண்டோட சேருற இடம். ஒரு மணி பிளான்ட் கொடிய கைல எடுத்து பாருங்க, ஒவ்வொரு இலைக்காம்பும் தண்ட பிடிக்கிற இடத்துக்கு பக்கத்துல பழுப்பு கலர்ல ஒரு சின்ன முண்டு துருத்திக்கிட்டு இருக்கும், நகத்தால தடவுனா சொரசொரன்னு தெரியும். அது செடி முன்கூட்டியே பாதி செஞ்சு வச்ச வேர். காட்டுல மரத்து மேல ஏறும்போது பட்டைய பிடிச்சுக்க அத நீட்டும், நம்ம வீட்டுல பாட்டில் தண்ணி பட்டா நீட்டும், அவ்ளோதான் வித்தியாசம். மணி பிளான்ட்ட வச்சு யாருமே தோக்குறதில்லங்கிறதுக்கு காரணம் இந்த முண்டுதான், புதுசா ஒண்ணும் கட்ட வேண்டியதில்ல, பாதி வேல ஏற்கனவே முடிஞ்சு போச்சு.

இப்படி ரெடியா வேர் இல்லாத செடிகள்ல கொஞ்சம் வேல அதிகம். அங்க கணுவ ஒட்டி இருக்குற சில செல்கள் தன்னோட பழைய வேலைய விட்டுட்டு புதுசா பிரிய ஆரம்பிச்சு வேரோட நுனியா மாறணும். அப்படி மாறச் சொல்லி சிக்னல் குடுக்குறது ஆக்சின்னு ஒரு ஹார்மோன். இது தண்டோட நுனியிலயும் இளம் இலையிலயும் உற்பத்தியாகி கீழ்ப்பக்கமா இறங்கும், வேகம் ரொம்ப கம்மி, மணிக்கு சுமாரா 1 சென்டிமீட்டர். முழுச் செடில அது அப்படியே இறங்கி வேர் வரைக்கும் போயிடும். நாம நடுவுல வெட்டிட்டோம்னா போற வழி அங்கயே முடிஞ்சிடுது, ஆக்சின் வெட்டுன முனைல வந்து சேர்ந்துக்கிட்டே இருக்கும், அந்த தேக்கம்தான் அங்க இருக்குற செல்கள வேர் கட்டச் சொல்லுது. அதாவது வெட்டுதான் வேருக்கே காரணம். எனக்கு இந்த விஷயம் எத்தன தடவ யோசிச்சாலும் ஆச்சரியமா இருக்கும், காயம் பட்ட இடத்துலயே அதுக்கான வழியும் பிறக்குது.

இதுல இருந்து கைல பிடிக்கிற மாதிரி ரெண்டு விஷயம் கிடைக்குது. ஒண்ணு, தலைகீழா வைக்கக்கூடாது. தண்டுக்கு எது மேல் எது கீழ்னு அதுக்கே தெரியும், நாம திருப்பி வச்சா அது தன் கணக்க மாத்திக்காது. 1878லயே ஹெர்மன் வோக்டிங்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி வில்லோ மரக் குச்சிகள நேராவும் தலைகீழாவும் ஈரக் காத்துல தொங்க விட்டு பாத்தார், எப்படி தொங்க விட்டாலும் செடில கீழ்ப்பக்கமா இருந்த முனைலதான் வேர் நல்லா வந்துச்சு, மேல்ப்பக்கமா இருந்த முனைலதான் துளிர் வந்துச்சு. இலையெல்லாம் கிள்ளின வெறும் குச்சிகளா நாலஞ்சு வெட்டுறீங்கன்னா எது கீழ்னு குழம்பும், அதனால கீழ் முனைய சரிவாவும் மேல் முனைய நேராவும் வெட்டி வச்சுக்கங்க. ரெண்டாவது, நுனியும் ரெண்டு மூணு இலையும் கட்டிங்ல இருக்கணும், ஹார்மோனும் அங்க இருந்துதான் வருது, வேர் கட்டத் தேவையான சர்க்கரையும் அந்த இலைலதான் தயாராகுது. மொட்டையா வெட்டி வச்சா மணி பிளான்ட் மாதிரி செடிங்க சமாளிச்சுக்கும், மத்ததெல்லாம் திணறும்.

கணு இல்லாம வெறும் இலைய மட்டும் காம்போட கிள்ளி தண்ணில வைக்கிறவங்க நிறைய பேர். மணி பிளான்ட் இலைய அப்படி வச்சா அது மாசக்கணக்குல பச்சையா இருக்கும், சில நேரம் காம்போட அடில வேர் கூட வரும், பாத்து சந்தோஷப்படுவோம், ஆனா அதுல இருந்து புது தளிர் வரவே வராது. ஏன்னா புதுக் கிளையா வளர்ற மொட்டு கணுவுலதான் இருக்கு, இலைல இல்ல. மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான் எல்லாத்துக்கும் இதே கததான். ஆப்பிரிக்கன் வயலட், பெகோனியா, ஸ்நேக் பிளான்ட் இதெல்லாம் விதிவிலக்கு, இதுங்களுக்கு இலைல இருந்தே புதுக் குருத்து கிளப்புற சக்தி உண்டு.

வெட்டுற விதம் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. நல்லா தெம்பா இருக்குற, பூச்சி இல்லாத, பூக்காத கிளையா பாத்து எடுங்க, பூவோ மொட்டோ இருந்தா அத கிள்ளி விட்டுடுங்க, இல்லன்னா சேமிப்பெல்லாம் பூவுக்கு போயிடும். ரொம்ப இளசா துவண்டு வளையிற கிளையும் வேணாம், கட்டையா முத்திப் போனதும் வேணாம், ரெண்டுக்கும் நடுவுல. நீளம் 10ல இருந்து 15 சென்டிமீட்டர், அதுல குறைஞ்சது ரெண்டு மூணு கணு. கணுவுக்கு அரை சென்டிமீட்டர் கீழ வெட்டணும், கணுவுக்கு ரொம்ப கீழ நீளமா விட்டா அந்த வெறும் துண்டு எதுக்கும் உதவாது, முதல்ல அழுகுறதும் அதுதான். காலைல வெட்டுறது நல்லது, ராத்திரி முழுக்க தண்ணி உறிஞ்சி தண்டு விறைப்பா இருக்கும். கத்தியோ பிளேடோ கூரா இருக்கணும், மழுங்குன கத்தரிக்கோல் தண்ட நசுக்கிடும், நசுங்குன இடத்துலதான் கிருமி முதல்ல குடியேறும். வெட்டுறதுக்கு முன்னாடி சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைச்ச பஞ்சால பிளேட துடைச்சிடுங்க.

அடுத்து இலை. தண்ணிக்குள்ள ஒரு இலை கூட இருக்கக்கூடாது, இதுல தயவு தாட்சண்யமே வேணாம். இலை தண்ணில மூழ்குனா அழுகும், அழுகுற இலை பாக்டீரியாவுக்கு தீனி, அந்த பாக்டீரியா தண்ணில இருக்குற ஆக்சிஜன எல்லாம் இழுத்துக்கும், கடைசில தண்டும் போயிடும். தண்ணிக்கு மேல இருக்குற இலைலயும் பெரிசு பெரிசா நிறைய விடாதீங்க. வேர் இல்லாத தண்டால கொஞ்சமாதான் தண்ணி இழுக்க முடியும், ஆனா இலை அது பாட்டுக்கு ஆவியா விட்டுக்கிட்டே இருக்கும், வரவு கம்மி செலவு ஜாஸ்தின்னா வாடிடும். செம்பருத்தி மாதிரி அகல இலைன்னா ரெண்டு மூணு விட்டுட்டு அதையும் பாதியா குறுக்க வெட்டி விடுங்க. பாக்க நல்லா இருக்காது, ஆனா வேலை செய்யும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். தண்ணில வேர் விட வைக்கிறதுல தண்ணிய விட காத்துதான் முக்கியம். வேர் கட்டுற செல்களுக்கு மூச்சு விடணும், அதுக்கு ஆக்சிஜன் வேணும், இலை பகல்ல ஆக்சிஜன் விடுதேன்னு கேக்கலாம், அது காத்துக்கு போயிடுது, அடித்தண்டுக்கு தண்ணில கரைஞ்சிருக்குறதுதான் கதி. அதோட அளவ பாருங்க. ஒரு லிட்டர் காத்துல கிட்டத்தட்ட 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கு. அதே ஒரு லிட்டர் தண்ணில, 20 டிகிரி சூட்டுல, அதிகபட்சமே 9 மில்லிகிராம்தான், 30 டிகிரின்னா அது 7.5க்கு இறங்கிடும். இதுல இன்னொரு கஷ்டம், ஆக்சிஜன் காத்துல பரவுறத விட தண்ணில சுமாரா 10,000 மடங்கு மெதுவா பரவும், அதனால மேல்மட்டத்துல கரையிற ஆக்சிஜன் அடிக்கு வந்து சேர ரொம்ப நேரம் ஆகும். தண்டு பக்கத்துல இருக்குறத காலி பண்ணிடுச்சுன்னா அங்க மூச்சுத் திணறல்தான். வெயில் காலத்துல கட்டிங் அழுகுறது ஏன்னும் இப்ப புரியும், சூடு ஏற ஏற தண்ணில ஆக்சிஜன் குறையுது, செல்களோட தேவ கூடுது, பாக்டீரியாவும் வேகமா பெருகுது, மூணும் சேர்ந்து ஒரே நேரத்துல தாக்குது.

இத வச்சுதான் பாத்திரமும் தண்ணி அளவும் முடிவு பண்ணணும். பாட்டில் நிறைய தளும்பத் தளும்ப ஊத்தி தண்டு பாதிக்கு மேல முங்குற மாதிரி வைக்கிறது தேவையே இல்ல, ஒண்ணு ரெண்டு கணு முங்குற அளவு, ஒரு 4, 5 சென்டிமீட்டர் ஆழம் போதும். வாய் அகலமான டம்ளரோ ஜாரோ நல்லது, தண்ணி காத்தோட தொடுற பரப்பு அதிகமா இருக்கும். குறுகின கழுத்து பாட்டில் கிளைய நிமித்திப் பிடிக்க வசதி, அத யூஸ் பண்ணா தண்ணிய கழுத்து வரைக்கும் ஏத்தாம அகலமான உடம்புப் பகுதிலயே நிறுத்திடுங்க. ஒரே ஜார்ல பத்து கட்டிங்க திணிக்காதீங்க, எல்லாம் ஒரே ஆக்சிஜனுக்கு போட்டி போடும், ஒண்ணு அழுகுனா மத்ததும் கூடவே போகும்.

தண்ணி மாத்துறதும் இதுக்குத்தான். மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ மாத்துங்க, வெயில் காலம்னா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ, குளிரா இருந்தா வாரம் ஒரு தடவ கூட போதும். குறையுற தண்ணிய மேல மேல ஊத்தி நிரப்புறது மாத்துறதுக்கு சமம் ஆகாது, பழைய அழுக்கு அப்படியே இருக்கும். முழுசா கொட்டிட்டு, தண்ட குழாய்த் தண்ணில காட்டி விரலால மெதுவா தடவி வழவழப்ப எடுத்துட்டு, ஜார் உள்பக்கத்தயும் தேய்ச்சு கழுவிட்டு புதுசா ஊத்தணும். ஊத்தும்போது கொஞ்சம் உயரத்துல இருந்து ஊத்துங்க, விழுற வேகத்துல காத்து கலக்கும். கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி சுத்தம்னு நெனச்சு சிலர் ஊத்துவாங்க, கொதிக்கும்போது கரைஞ்ச ஆக்சிஜன் வெளிய போயிடும், அப்படி ஊத்துறதா இருந்தா ஒரு மூடி போட்ட பாட்டில்ல நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க. குழாய்த் தண்ணி தாராளமா போதும். குளோரின் வாசம் தூக்கலா இருந்தா ஒரு ராத்திரி திறந்து வச்சா போயிடும், லேசா இருந்தா பிரச்சனையே இல்ல, கிருமிய கொஞ்சம் அடக்கி வைக்கும். உப்பு போட்டு கடினத்தன்மைய குறைக்கிற சாஃப்ட்னர் தண்ணி மட்டும் வேணாம், அதுல சோடியம் அதிகம். ஃப்ரிட்ஜ் தண்ணியும் வேணாம்.

கொசு விஷயத்த பத்தி யாரும் அவ்வளவா பேசுறதில்ல, ஆனா இது சின்ன விஷயம் இல்ல. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்ட போட தேடுறதே இந்த மாதிரி கலங்காம சின்னதா நிக்கிற தண்ணியத்தான். முட்டைல இருந்து பறக்குற கொசு ஆக சூட்டுக்காலத்துல 7ல இருந்து 10 நாள் ஆகும், அதனால நீங்க எவ்ளோ சோம்பேறியா இருந்தாலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது தண்ணி மாத்தியே ஆகணும். முக்கியமா அது முட்டைய தண்ணிமட்டத்த ஒட்டி ஜார் சுவத்துல ஒட்டி வைக்கும், அந்த முட்ட காஞ்சு மாசக்கணக்குல கிடந்தாலும் திரும்ப தண்ணி பட்டா பொரியும், வெறுமனே தண்ணிய கொட்டிட்டு ஊத்துனா போகாது, உள்பக்கத்த தேய்க்கணும். ஜார் வாய தண்ட சுத்தி பஞ்சு வச்சோ வலைத்துணி கட்டியோ மூடிடலாம், காத்துப் போற மாதிரி இருந்தா சரி.

எங்க வைக்கிறதுன்னா, நல்ல வெளிச்சம் வரணும், நேர் வெயில் படக்கூடாது. வெயில் பட்டா சின்ன ஜார்ல இருக்குற தண்ணி சீக்கிரம் சூடேறிடும், அப்புறம் மேல சொன்ன கததான். இருட்டு மூலையும் உதவாது, இலை உணவு தயாரிக்க முடியாம சேமிப்பு கரைஞ்சு மஞ்சளாகிடும். 20ல இருந்து 27 டிகிரி வரைக்கும் இருக்குற இடம் பெரும்பாலான செடிக்கு சுகம். கண்ணாடி ஜார்னா பாசி பிடிக்கும், பச்சையா ஒரு படலம், பாத்தா பயமா இருக்கும் ஆனா கட்டிங்க நேரா ஒண்ணும் பண்ணாது, தேய்ச்சு கழுவுனா போச்சு. கலர் பாட்டில் வச்சாலோ ஜார சுத்தி பேப்பர் ஒட்டுனாலோ பாசி வராது, வேருக்கும் இருட்டு பிடிக்கும். ஆனாலும் புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் ரெண்டு மூணு தடவையாவது கண்ணாடி ஜார்லயே வைக்கணும்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா உள்ள என்ன நடக்குதுன்னு பாத்து பழகுறதுதான் இதுல பாதி படிப்பு.

என்ன தெரியும்னா, முதல் சில நாள் ஒண்ணுமே தெரியாது. அப்புறம் வெட்டுன முனை லேசா வெளுத்து, ஓரம் தடிச்சு, கரடுமுரடா ஒரு வெள்ளைக் கட்டி மாதிரி திரளலாம், அது காயத்த மூடுற திசு, காலஸ்னு சொல்லுவாங்க. எல்லா செடிலயும் வராது, வந்தா நல்லது, வரலன்னா கவலப்பட வேண்டியதும் இல்ல. செம்பருத்தி மாதிரி கட்டைத் தண்டுல இன்னொண்ணு நடக்கும், தண்ணிக்குள்ள இருக்குற பட்டை மேல புள்ளி புள்ளியா வெள்ளையா பஞ்சு மாதிரி பொங்கும். நிறைய பேர் இத பூஞ்சைன்னு நெனச்சு சுரண்டிடுறாங்க இல்லன்னா தூக்கி போட்டுடுறாங்க. அது பட்டைல இருக்குற மூச்சுத் துளைகள், தண்ணில ஆக்சிஜன் பத்தாம வீங்கி வெளிய தள்ளி இருக்கும். விரலால தொட்டா வழுக்காது, தண்டோட சேர்ந்து கெட்டியா இருக்கும், அத அப்படியே விட்டுடணும். அது நிறைய வந்தா தண்ணி மாத்துற இடைவெளிய குறைங்கன்னு செடி சொல்லுதுன்னு எடுத்துக்கலாம். நிஜமான அழுகல் வேற மாதிரி இருக்கும், தண்டு பழுப்பாகி கறுக்கும், அழுத்துனா மேல்தோல் கழண்டு வரும், முகர்ந்தா தெரிஞ்சிடும். அப்படி இருந்தா கறுத்த இடத்துக்கு மேல பச்சையா கெட்டியா இருக்குற இடம் வரைக்கும் வெட்டி, ஜார சோப்பு போட்டு கழுவி, திரும்ப வைங்க, மேல கணு மிச்சம் இருந்தா பிழைச்சுக்க வாய்ப்பு இருக்கு.

முதல்ல எந்த செடிய வைக்கலாம்? கோலியஸ்தான் என்னோட முதல் சாய்ஸ். ஒரு வாரம் பத்து நாள்லயே கணுவுல வெள்ளையா வேர் நுனி எட்டிப் பாக்கும், சில நேரம் கணுவுக்கு நடுவுல இருக்குற தண்டுல இருந்து கூட வரும், ஒவ்வொரு நாளும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், அதனால பொறுமை இல்லாதவங்களுக்கும் ஆர்வம் போகாது. கற்பூரவல்லி, புதினா, துளசி, டிரேடஸ்கான்ஷியா எல்லாம் ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள. மணி பிளான்ட், சிங்கோனியம், பிலோடென்ட்ரான் ரெண்டுல இருந்து நாலு வாரம். செம்பருத்திக்கு மூணுல இருந்து ஆறு வாரம் பொறுமை வேணும், ரோஸ்மேரிக்கு அதுக்கும் மேல. ஸ்நேக் பிளான்ட் இலைத்துண்டு ரெண்டு மூணு மாசம் கூட எடுத்துக்கும், அதுலயும் மஞ்சள் ஓரம் போட்ட ரகத்த இலைல இருந்து வளத்தா புதுக் குருத்து மஞ்சள் ஓரம் இல்லாம முழுப் பச்சையாத்தான் வரும், மஞ்சள் வேணும்னா கிழங்கோட பிரிச்சு நடுறதுதான் வழி.

எல்லாத்தையும் தண்ணில வைக்க முடியாதுங்கிறதையும் சொல்லிடுறேன். கள்ளி, அடீனியம் மாதிரி சதைப்பத்தான செடிங்கள வெட்டுன காயம் காயற வரைக்கும் சில நாள் நிழல்ல போட்டுட்டு அப்புறம் மண்ணுல வைக்கிறதுதான் சரி, நேரா தண்ணில வச்சா அழுகிடும் (பால் வடியுற செடின்னா கண்ணுல படாம பாத்துக்கங்க). ரோஜாவும் காகிதப்பூவும் தண்ணில எப்பவாவது வரும், ஆனா காத்தோட்டமான மண்ணுல வர்ற அளவுக்கு நிச்சயம் இல்ல. முருங்கை போத்து மாதிரி தடிச்ச கிளை எல்லாம் மண்ணுக்குத்தான். வளந்த மாமரக் கிளைல வேர் கட்டுற திறமை ரொம்ப கம்மி, அதனாலதான் அத ஒட்டு கட்டுறாங்க. தென்னை, பனை வகைல உச்சில ஒரே ஒரு வளர்நுனிதான், அத வெட்டுனா மரமே போச்சு, அங்க கட்டிங்கிற பேச்சுக்கே இடமில்ல.

கட்டிங்ல வளர்றது தாய்ச்செடியோட அச்சு அசல் நகல். பெப்பர்மிண்ட்னு சொல்றது ரெண்டு வேற வேற புதினா சேர்ந்த கலப்பு, அது விதையால பெருகாது, அதனால இப்படி தண்டும் வேரும் பிரிச்சுத்தான் பரப்புறாங்க. மணி பிளான்ட் கத இன்னும் விசேஷம். அதோட பூர்வீகம் பசிபிக் கடல்ல இருக்குற மூரியாங்கிற ஒரு சின்ன தீவு. பூக்கத் தேவையான ஜிப்ரெலின் ஹார்மோன அதால சரியா தயாரிக்க முடியாது, அதனால அது தானா பூக்குறதே இல்லன்னு சொல்லலாம், 2016ல வந்த ஒரு ஆய்வுல இதுக்கான ஜீன் குறைபாட்ட கண்டுபிடிச்சாங்க. பூவும் இல்ல விதையும் இல்லாத ஒரு செடி இன்னைக்கு உலகம் முழுக்க ஜன்னல் ஓரத்துல இருக்குன்னா, அத்தனையும் யாரோ யாருக்கோ வெட்டிக் குடுத்த கிளைல இருந்து வந்ததுதான். நகல்ங்கிறதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, தாய்ச்செடில வைரஸ் இருந்தா அதுவும் கூடவே வரும், அதனால இலை சுருண்டு கோடு கோடா வெளிறிப்போன செடில இருந்து எடுக்காதீங்க.

வேர் வரவைக்கன்னு கடைல விக்கிற ரூட்டிங் பவுடர் போடலாமான்னு கேப்பாங்க. 1928ல பிரிட்ஸ் வென்ட்னு ஒரு டச்சு விஞ்ஞானி ஓட்ஸ் நாத்தோட நுனில இருந்து ஆக்சின பிரிச்சுக் காட்டுனார், 1935ல அமெரிக்காவுல பாய்ஸ் தாம்ப்சன் இன்ஸ்டிட்யூட்ல ஜிம்மர்மேனும் வில்காக்சனும் ஐபிஏ, என்ஏஏன்னு ஆக்சின் மாதிரியே வேல செய்யுற ரெண்டு கெமிக்கலுக்கு வேர் வரவைக்கிற சக்தி இருக்குன்னு காட்டுனாங்க, இன்னைக்கு டப்பால வர்ற பவுடர்ல இருக்குறது பெரும்பாலும் இதுங்கதான். நல்ல பொருள், ஆனா மண்ணுல நடுற கட்டிங்குக்கு. தண்ணில வச்சா முனைல ஒட்டுன பவுடர் தண்டுல நிக்காம கழுவிக்கிட்டு போயிடும், காசுதான் வீண். தேன் கலக்குறது அத விட மோசம், தண்ணில கரைஞ்ச சர்க்கரை பாக்டீரியாவுக்குத்தான் சாப்பாடு. உரமும் இந்த கட்டத்துல வேணாம், வேர் இல்லாத செடிக்கு உரம் போட்டா பாசிதான் செழிக்கும்.

வேர் வந்துடுச்சு, இனி மண்ணுக்கு மாத்துறது. இங்கதான் இன்னொரு பாதி பேர் கோட்ட விடுறாங்க, ஏன்னா வேர பாக்க அழகா இருக்குன்னு நீளமா சுத்திக்கிட்டு ஜார் நிறைய வர்ற வரைக்கும் விட்டுடுறோம். தண்ணில வளந்த வேர் மண்ணுல வளந்த வேர் மாதிரி இருக்காது. அது வெள்ளையா, சாறா, பட்டுன்னு ஒடியிற மாதிரி இருக்கும், உள்ள காத்து போக இடைவெளி விட்டு கட்டியிருக்கும், மண்ணுல இண்டு இடுக்குல இருந்து தண்ணி உறிஞ்சுற மெல்லிய வேர்த்தூவி அதுல கம்மி. தண்ணிக்குள்ளயே இருக்குறதுக்கு தூவி எதுக்கு? ஆனா மண்ணுக்கு போனதும் அது இல்லாம சிரமப்படும். அதனால வேர் 3ல இருந்து 5 சென்டிமீட்டர் வந்து, பக்கவாட்டுல சின்னச் சின்ன கிளை வேர் ஆரம்பிக்கும்போதே மாத்திடுங்க, அப்ப நட்டா மிச்ச வேர் மண்ணுக்கு ஏத்த மாதிரியே வளந்துக்கும்.

சின்ன தொட்டியே போதும், பெரிய தொட்டின்னா ஈரம் காயாம தேங்கும். மண் பொலபொலன்னு இருக்கணும், தேங்காய் நார்த்தூளோ மணலோ கலந்து. குச்சியால அகலமா குழி போட்டு, வேர அதுல தொங்க விட்டு, சுத்தி மண்ண தூவி, தொட்டிய லேசா தட்டுங்க, விரலால அமுக்கி இறுக்குனா வேர் ஒடிஞ்சிடும். அடி வழியா வழியுற வரைக்கும் தண்ணி ஊத்துங்க. முதல் பத்து பதினாலு நாள் மண்ண காய விடக்கூடாது, அது தண்ணிலயே இருந்து பழகுன வேர், அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேல்மண் காஞ்ச பிறகு ஊத்துற வழக்கத்துக்கு கொண்டு வாங்க. ஜார் எங்க இருந்துச்சோ அதே வெளிச்சத்துலயே தொட்டியையும் வைங்க, ஒரே நாள்ல மண்ணும் வெயிலும் ரெண்டையும் மாத்துனா தாங்காது. இலை வாடுனா பிளாஸ்டிக் கவர லூசா மேல கவுத்து விட்டா ஆவியாகுறது குறையும், ஒண்ணு ரெண்டு அடி இலை மஞ்சளாகி விழுறது சகஜம். ஜார் தண்ணில தினம் ஒரு ஸ்பூன் மண்ண போட்டு பழக்கலாம்னு ஒரு முறை சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, சேறா ஆகி இருக்குற ஆக்சிஜனும் போயிடும்.

மண்ணே வேணாம், தண்ணிலயே வச்சுக்குறேன்னாலும் மணி பிளான்ட், சிங்கோனியம், லக்கி பாம்பூ மாதிரி செடிங்க வருஷக்கணக்குல அப்படியே இருக்கும். ஆனா வெறும் தண்ணில தாதுச்சத்து ரொம்ப கம்மி, சேமிப்பு தீந்ததும் புது இலை சின்னதா வெளிறி வர ஆரம்பிக்கும். வேர் நல்லா பிடிச்ச பிறகு தண்ணில கரையிற உரத்த, டப்பால போட்டிருக்குற அளவுல கால் பங்கு மட்டும் எடுத்து, மாசம் ஒரு தடவ தண்ணி மாத்தும்போது கலந்து விடுங்க. இலை ஓரம் கருகுற மாதிரி தெரிஞ்சா உரம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு அர்த்தம், உடனே கொட்டிட்டு ரெண்டு மூணு தடவ வெறும் தண்ணியே ஊத்துங்க. வேர் பந்து மாதிரி அடைச்சுக்கிட்டா பழுப்பான பழைய வேர மட்டும் கத்தரிச்சு விடலாம், வெள்ளையா இருக்குறத தொடாதீங்க. தண்ணி வேரோட மேல்பகுதிய விட்டு கொஞ்சம் கீழயே நிக்கட்டும், அந்த இடைவெளி வழியா வேர் நேரா காத்துல இருந்தே மூச்சு விட்டுக்கும்.